மொட்டை மாடியில் இயற்கைக் காய்கறி: முதலில் மண், பிறகு செடி

மாடித்தோட்டம் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தச் செடியை வைக்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் செடி எதைத் தின்று வளரப் போகிறது? இயற்கை முறைச் சாகுபடி என்று நாம் சொல்வதன் பொருள் முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது. பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது மட்டுமே இயற்கை முறை என்று பலரும் நினைக்கிறார்கள். அது அதன் ஒரு பகுதி மட்டுமே.

செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்றும் அதிக அளவிலும், சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு போன்றவை குறைந்த அளவிலும் தேவைப்படுகின்றன. தான் உறிஞ்சும் நைட்ரேட் உப்பு யூரியாவிலிருந்து வந்ததா, மட்கிய சாணத்திலிருந்து வந்ததா என்று வேருக்குப் பிரித்தறியத் தெரியாது. இதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆனால் யூரியா தண்ணீரில் கரைந்து சில நாட்களுக்குள் செடிக்குக் கிடைத்து, மிச்சம் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு ஆகியவற்றுக்கு அதனால் உணவு கிடைப்பதில்லை. மட்கிய எருவோ அந்த உயிர்களுக்குத்தான் முதலில் உணவாகிறது; அவை அதைத் தின்று செரித்து வெளியிடுவதைச் செடி சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறது. நாம் மண்ணுக்குச் சோறு போடுகிறோம், மண் செடிக்கு ஊட்டுகிறது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பணியிலிருந்து விலகி, 2013-ஆம் ஆண்டு மறையும் வரை தமிழ்நாடெங்கும் நடந்து உழவர்களிடம் பேசிவந்த கோ. நம்மாழ்வார் வலியுறுத்தியதும் மண்ணை உயிருள்ளதாகப் பார்க்க வேண்டும் என்பதையே.

கடையில் விற்கும் பொருளுக்கு இதை உறுதிப்படுத்தச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் மூன்றாம் தரப்பு நிறுவனம் சோதித்துத் தரும் சான்றிதழ் ஒரு வகை. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் பங்கேற்பு முறை மற்றொரு வகை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, இயற்கை விளைபொருள் என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்பதற்கு இந்த இரண்டில் ஒன்று தேவை. நம் வீட்டு மாடிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. பையில் என்ன போட்டோம் என்பது நமக்கே தெரியும்.

சென்னையில் மாடித்தோட்டம் என்றால் முதலில் யோசிக்க வேண்டியது எடையைப் பற்றி. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்ற சுமையைத்தான் இந்தியக் கட்டடத் தரவிதி கணக்கில் கொள்கிறது. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள ஒரு பையில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் அது 35 கிலோ வரை வரும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பைகளை நெருக்கி அடுக்கினால் 300 கிலோவைத் தாண்டிவிடுகிறது. மண்ணோடு தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் கலக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். அப்போதும் பைகளைச் சுவரை ஒட்டியும், உத்தரம் செல்லும் இடங்களின் மீதும் இடைவெளி விட்டு வைப்பதே முறை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின் மீது செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். அத்தகைய மாடியில் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பையைக்கூட வைக்கக் கூடாது என்பது என் கருத்து. எந்த மாடியானாலும் பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் அடுக்கியோ இரும்புத் தாங்கி போட்டோ உயர்த்தி வைத்தால், அடியில் காற்றோட்டம் இருக்கும். தளத்தில் ஈரம் தேங்காது. மழைநீர்க் குழாய் வாயும் அடைபடாது.

தென்னை நார்க்கழிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூள் அது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. ஆனால் அதில் உப்பு இருக்கும். நான் முதன்முதலில் மேற்கு மாம்பலத்து மாடியில் தோட்டம் போட்டபோது, ஒரு கடையில் வாங்கிய ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்து அப்படியே மண்ணில் கலந்துவிட்டேன். வெண்டை நன்றாக முளைத்தது. பத்தாவது நாளில் இலைகளின் ஓரம் நெருப்பில் வாட்டியதுபோலப் பழுப்பாகி, இரண்டு வாரத்துக்குள் பத்துக் கன்றுகளில் எட்டு போய்விட்டன. பூச்சியோ நோயோ என்று தேடி அலைந்த பிறகுதான் காரணம் உப்பு என்று புரிந்தது. கட்டியைப் பெரிய தொட்டியில் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் நீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிய வேண்டும். குறைந்தது மூன்று முறை இப்படிச் செய்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். மட்க வைத்த நார்க்கழிவு கிடைத்தால் இன்னும் நல்லது. மட்காத நார்க்கழிவில் கரிச்சத்து மிக அதிகமாகவும் தழைச்சத்து மிகக் குறைவாகவும் இருப்பதால், அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

இப்படிக் கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்க்க வேண்டும். கிடைத்தால் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஆகிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் சேர்க்கலாம். முதலாவது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. இரண்டாவது மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருகிறது. மற்ற இரண்டும் வேரழுகல் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்துகின்றன. கலவையை உடனே பையில் நிரப்பி விதைத்துவிடக் கூடாது. நிழலில் குவித்து, லேசாக நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாள் விட்டுவைக்க வேண்டும். பதினோராம் நாள் சாக்கைத் திறந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிகுதி. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதாது. கொழுக்கட்டைபோல உருவம் நின்று, கட்டைவிரலால் தொட்டதும் பொலபொலவென்று உடைந்தால் பதம் சரி. அப்போது மூக்கருகே கொண்டுபோனால் முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனை வரும். அது ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. மண் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

பையை விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு அங்குலம் விட்டு நிரப்ப வேண்டும். நாளாக ஆக மண் இறங்கும். மேலே உரம் இட இடம் வேண்டும்.

பையில் உள்ள மண்ணுக்கு நிலத்து மண்ணைப்போல ஆழத்திலிருந்து சத்து வருவதில்லை. நாம் போடுவதுதான் அதற்குக் கிடைக்கும். தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியேறியும் விடும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்புழு உரமோ வீட்டிலேயே செய்த மட்கு உரமோ இரண்டு கைப்பிடி போட்டு மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். மட்கு உரம் செய்வது கடினமே இல்லை. பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பழைய வாளிகள் போதும். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ ஆகியவற்றை ஒரு வாளியில் போட்டு, ஒவ்வொரு நாளும் அதே அளவுக்குக் காய்ந்த சருகையோ நார்க்கழிவையோ மேலே பரப்ப வேண்டும். ஒன்று நிறைந்ததும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்கலாம். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மாதத்தில் உரம் தயாராகிவிடும். துர்நாற்றம் வந்தால் ஈரம் அதிகமாகிக் காற்றுப் புகவில்லை என்று அறிந்து, சருகை அதிகம் சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். கொழுத்த பழுப்புநிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்து அருவருத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். நமக்கோ செடிக்கோ தீங்கு செய்யாதவை.

கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் உழவர்களிடையே பரப்பியதும், பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றைப் புளிக்கவைத்துச் செய்வதுமான பஞ்சகவ்யத்தை, லிட்டர் நீருக்கு 30 மில்லி கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாலையில் தெளிக்கலாம். ஆனால் மேல்மண்ணில் எரு இல்லாமல் இதை மட்டும் தெளித்து விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது விதைப்பது என்பதில்தான் சென்னைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தொலைக்காட்சியிலும் இணையத்திலும் குளிர்ப் பகுதிகளின் காலக்கணக்கைப் பார்த்து மார்ச், ஏப்ரலில் தக்காளி விதைப்பவர்கள் நிறையப் பேர். தக்காளிப் பூ காயாக மாற, இரவு வெப்பம் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்கின்றன. செடி செழித்து நிற்கும், பூவும் பூக்கும், அத்தனையும் உதிர்ந்துவிடும். அது உரக்குறை அல்ல. தக்காளியைப் புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டுக் கார்த்திகையில் பைக்கு மாற்றினால், தை, மாசியின் இளங்குளிர் இரவுகளில் காய் பிடிக்கும். முள்ளங்கி, கொத்தமல்லி, பீன்ஸ், காலிஃப்ளவர் ஆகியவற்றுக்கும் அந்த மாதங்களே உகந்தவை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் மாடிக்கும் பொருந்தும். நம் ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆடியில் விதைத்த வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு ஆகியவை அந்த மழைக்கு முன்பே வேர்பிடித்துவிடும். அந்த வயதில் மழை செடிக்கு நன்மை. கன்றாக இருக்கும்போது மூன்று நாள் அடைமழை கொட்டினால் வேர் அழுகிப்போகும். புயல் எச்சரிக்கை வந்தால் பந்தல் கயிறுகளைத் தளர்த்தி, பைகளைச் சுவர் ஓரமாக நெருக்கி வைக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் பெரிய மரங்களையே சாய்த்துப் போட்ட ஊர் இது. மாடியிலிருந்து ஒரு தொட்டி கீழே விழுந்தால் தெருவில் போகிறவர்களின் உயிருக்கு ஆபத்து. மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் பச்சை நிழல்வலை கட்டிக்கொண்டு, கீரை, கொத்தவரை, வெண்டை என்று வெப்பம் தாங்கும் பயிர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதன்முதலாகத் தொடங்குகிறவர் கீரையில் தொடங்கட்டும். முளைக்கீரை விதையை மணலோடு கலந்து அகலமான தொட்டியில் தூவி, மெல்லிய மண்போர்வை போட்டுப் பூவாளியால் தெளித்தால் 25 நாளில் பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள அது துளிர்க்கும். அடுத்து வெண்டை: பைக்கு இரண்டு விதை, முளைத்த பின் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். ஒன்றரை மாதத்தில் முதல் காய் வரும். தினமும் குறைந்தது ஐந்து மணிநேர நேர்வெயில் இல்லாத இடத்தில் காய்வகைகளுக்கு முயலாமல், கீரை, புதினா ஆகியவற்றோடு திருப்தி அடைவதே அறிவு.

கொடிகளில் எல்லோரும் கேட்கும் ஒரு சந்தேகம்: பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு மட்டும் வெம்பி உதிர்கிறது, ஏன்? பீர்க்கு, புடலை, சுரை, பாகல், பூசணி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்துவிடும். நான்காம் மாடிக்குத் தேனீ எப்போதும் வருவதில்லை. பூசணியும் பாகலும் காலையில் மலரும்; பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். எங்கள் வீட்டுப் பீர்க்கு மாலை ஐந்தரை மணிக்குமேல் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். அந்த நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் பிசுபிசுப்பான சூலகமுடியில் மெல்லத் தடவினால் போதும். சூல் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் காய் நீளத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். நான்கு பூவைத் தொட்டுவிட்டு இறங்கினால் நான்கு காய். இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, வேறு வழியின்றிப் பலரும் அதையே ஊற்றினார்கள். அரிசி களைந்த நீரும், குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் நல்லவை. பின்னதில் உப்பே இருக்காது. மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்பி மூடாக்குப் போட்டால் கோடையிலும் தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும்.

பூச்சிகளைப் பார்த்ததும் பதறாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே இயற்கை முறையின் கடினமான பாடம். செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி சென்னை மாடிகளின் நிரந்தர விருந்தாளி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரில் கரைய ஒரு சிட்டிகை காதி சோப்புத் தூளும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் கட்டுப்படும். ஆனால் தெளிப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு இழைகள் தொங்க, ஆனால் அதைவிடப் பெரிதாகவும் விறுவிறுவென்று நடப்பதாகவும் ஒன்று தென்பட்டால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. அதைக் கொன்றுவிட்டு மாவுப்பூச்சி பெருகுகிறதே என்று வருந்துவது நம்மில் பலர் செய்யும் தவறு. 2008-ஐ ஒட்டித் தமிழ்நாட்டின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. மாடியில் நாலு செண்டுமல்லியும் கொஞ்சம் துளசியும் வைத்தால் இத்தகைய நண்பர்கள் தேடி வருவார்கள். வெண்டை இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் மட்டும் தயங்க வேண்டாம்; அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு விளைவித்ததை உண்ணும் முறையும் ஒன்று உண்டு. பறித்த கீரையில் வைட்டமின் சி நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். கோயம்பேட்டுக்கு லாரியில் வந்து இறங்கித் தள்ளுவண்டி ஏறி நம் வீட்டுக்கு வரும் கீரைக்கும், உலையை வைத்துவிட்டு மாடியேறிக் கிள்ளிவரும் கீரைக்கும் உள்ள வித்தியாசம் மசியலின் முதல் கவளத்திலேயே தெரியும். வெண்டையை விரல் நீளத்தில், நுனி பட்டென்று ஒடியும் பிஞ்சாகப் பறியுங்கள், சமைக்காமலே தின்னலாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பீர்க்கங்காய்த் தோல் துவையல். காயைக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டு, வரம்புகளோடு சீவிய தோலை நல்லெண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், புளி, கொஞ்சம் தேங்காய் சேர்த்துக் கரகரவென்று அரைக்க வேண்டும். கடையில் வாங்கிய காயின் தோலில் என்ன தெளித்திருப்பார்களோ என்ற தயக்கத்தில் பல வீடுகளில் இந்தத் துவையலையே விட்டுவிட்டார்கள்.

பீர்க்கங்கொடியில் வளர்ந்த காய்களில் நேராகவும் நீளமாகவும் உள்ள ஒன்றை மட்டும் பறிக்காமல் விடுங்கள். விதை நாட்டு ரகமாக இருந்தால்தான் இது பயன்படும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாயைப்போல விளையாது. அந்தக் காய் கொடியிலேயே பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். நுனியை உடைத்துக் கவிழ்த்தால் கரிய விதைகள் உதிரும். மிஞ்சும் நாரைக் குளிக்கும்போது உடம்பு தேய்க்கப் பயன்படுத்தலாம். விதைகளை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, கண்ணாடிப் புட்டியில் போட்டு, பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுத்த ஆடி வரை வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.